அரசு மனநல சிகிச்சையும் போதை மீட்பு சிகிச்சையும்: தமிழ்நாட்டில் வசிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனநோயோ குடிப்பழக்கமோ ஒரு வீட்டுக்குள் வந்ததும், அந்த வீட்டார் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் சொந்த மாவட்டத்தின் அரசு மருத்துவமனையாக இருப்பதில்லை. கடன் வாங்கி, நகை அடகு வைத்து, ஊர் ஊராக அலைந்த பிறகுதான் அங்கே வருகிறார்கள். அந்த அலைச்சலைக் குறைப்பதே இப்பக்கத்தின் நோக்கம். இங்குள்ள பதில்கள் பொதுவானவை. ஒருவருக்கு என்ன சிகிச்சை தேவை என்பதை அவரை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊருக்கு அருகில் அரசு மனநல சிகிச்சை எங்கே கிடைக்கும்? சென்னை கீழ்ப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய நிறுவனம். மாநிலத்தின் மிகப் பெரிய மனநல மருத்துவமனையும் அதுவே. ஆனால் எல்லாரும் அங்கேதான் போக வேண்டும் என்ற நிலைமை எப்போதோ மாறிவிட்டது. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் அதன் அங்கமாக மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் ஆரம்பமான அத்திட்டம் இன்று எல்லா மாவட்டங்களிலும் நடைபெறுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனித் துறையே உண்டு. இவை தவிர, மாவட்ட மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்து நோயாளிகளைப் பார்ப்பார். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பணம் கட்ட வேண்டுமா? ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கட்டாயமா?

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநல சேவையைப் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆதரவற்றவர்களும் வீடற்றவர்களும் உட்பட, எந்தக் கட்டணமும் இல்லாமல் சிகிச்சை பெறலாம் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. சாதி, மதம், பாலினம், பண்பாடு என எதன் பேரிலும் பாகுபாடு காட்டக் கூடாது. ஆகவே திருப்பூரில் வேலை செய்யும் பீகார் தொழிலாளிக்கும் அங்கேயே சிகிச்சை கிடைக்க வேண்டும். புறநோயாளி சீட்டுப் போட அடையாள அட்டை ஒன்று இருந்தால் வேலை விரைவாக முடியும், எடுத்துச் செல்லுங்கள். அது இல்லை என்பதற்காக யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் சட்டத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: குறைந்தபட்ச மனநல சேவைகள் சொந்த மாவட்டத்தில் கிடைக்காவிட்டால், அதே மாவட்டத்தில் வேறு மனநல சேவையை நாடி, அதன் செலவை அரசிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு.

முதல் நாள் போனால் என்ன நடக்கும்?

சீட்டுப் போட்டதும் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது உத்தமம். மருத்துவர் நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் தனித்தனியாகப் பேசுவார்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா, சந்தேகம் உண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. குடிப்பழக்கத்துக்காக வந்தவரை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி நடுக்கம் பார்ப்பார். கண்ணில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். கடைசியாக எப்போது குடித்தார் என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். எந்த மருந்தை எந்த அளவில் தொடங்குவது என்பது அந்த ஒரு பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

வேறு எங்கு சிகிச்சை பெற்றிருந்தாலும் அந்தப் பழைய சீட்டுகளையும், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை என்று சொல்வதால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது.

பல ஆண்டுகளாகக் குடிப்பவர் இன்றோடு விட்டுவிடுகிறேன் என்கிறார். வீட்டிலேயே நிறுத்திவிடலாமா?

தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் எழுந்ததும் கைநடுக்கம் போகக் குடிப்பவர், மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மாலை போட்டதால், சத்தியம் செய்ததால், அல்லது வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்ததால் குடி நின்றுபோன பலர், அதன் பிறகு வலிப்பு வந்து கொண்டுவரப்படுகிறார்கள்.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையான காலமே மிகவும் கவனிக்க வேண்டியது: அப்போது சிலருக்கு நாளும் இடமும் தெரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். வீட்டார் இதைப் பேய் பிடித்ததாகவோ பைத்தியம் முற்றிவிட்டதாகவோ எண்ணி மந்திரிக்க அழைத்துப்போகிறார்கள். இது அவசர சிகிச்சை தேவைப்படும் மருத்துவ நிலை. 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருத்துவமனையில் குளோர்டையசெபாக்சைடு, டையசெபாம், லோராசெபாம் போன்ற மருந்துகளில் ஒன்றைப் போதுமான அளவில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயமின், ஊசியாகத் தரப்படும். நீண்ட காலம் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவரின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அந்தக் குறையைச் சரிசெய்யாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடக்கூடும். ஆகவே நன்றாகக் குடிப்பவரை வேறு எந்தச் சிகிச்சைக்காகச் சேர்த்தாலும், காலில் எலும்பு முறிவு என்றாலும்கூட, அவருக்குக் குடிப்பழக்கம் உண்டு என்பதை வார்டு மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அவருக்குத் தெரியாமல் காபியில், குழம்பில் மருந்து கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவாராமே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இப்படி விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் டைசல்பிராம் இருக்க வாய்ப்புண்டு. அதை உட்கொண்டிருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகும் நிலை ஏற்படலாம். டைசல்பிராம் தன்னளவில் பயனுள்ள மருந்து. ஆனால் இதயமும் கல்லீரலும் தாங்குமா என்று பரிசோதித்து, நோயாளிக்கு விளக்கி, அவருடைய சம்மதத்தோடு, குடும்பத்தார் ஒருவரின் கண்காணிப்பில் தரப்பட வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. எது பொருந்தும் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். எந்த மருந்தானாலும் ஆலோசனையும் குடும்பத்தின் ஒத்துழைப்பும் சேர்ந்தால்தான் அதன் பலன் நிலைக்கும்.

போதை மீட்புக்கென்று தனி வார்டு அரசிடம் இருக்கிறதா?

இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறைகளிலும் இந்தச் சிகிச்சை நெடுங்காலமாகத் தரப்படுகிறது. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை மாநில அரசு தொடங்கியது. மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் டாஸ்மாக் வழியே அரசே நடத்திவரும் மாநிலம் இது. இங்கே குடிநோய்க்கான சிகிச்சையை அரசு வழங்கும் சலுகையாக யாரும் கருத வேண்டியதில்லை. அதை உரிமையோடு கேட்டுப் பெறுங்கள்.

கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் பழகிப்போன இளைஞர்களும் இப்போது அதிகமாக வருகிறார்கள். டபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் மிகக் கொடியது. ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி தொற்றும் கூடவே வருகிறது. இவர்களுக்கு புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்தைக் கண்காணிப்போடு தரும் சிகிச்சை உண்டு. மகனின் பையில் காலி மாத்திரை அட்டையோ ஊசியோ கண்ட பெற்றோர், அடித்து அறையில் பூட்டுவதை விட்டுவிட்டு, அந்த அட்டையோடு அவனை மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும். சிகிச்சைக்கு வந்த விவரத்தை மருத்துவமனை காவல்துறைக்குச் சொல்லிவிடுமோ என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் சட்டக் கடமை.

நோயாளி வர மறுக்கிறார். கட்டாயப்படுத்திச் சேர்க்க முடியுமா?

முதலில் நீங்கள் மட்டும் போய் மருத்துவரையோ மனநல சமூகப் பணியாளரையோ பாருங்கள். எப்படிப் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். உனக்குப் பைத்தியம், வா என்றால் யாரும் வர மாட்டார்கள். தூங்கவே இல்லையே, டாக்டரைப் பார்த்து வரலாமா என்றால் பலர் வருவார்கள். குடிப்பவரிடம் போதையில் இருக்கும்போது பேசுவதில் பலனில்லை.

சேர்க்கையைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. தானே விரும்பிச் சேர்ந்தவர், தான் கேட்கும்போது வீட்டுக்குப் போகலாம். மிகவும் தேவையென்றால் மறுபரிசீலனைக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்கலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருந்து, முடிவெடுக்க மிகுந்த துணை தேவைப்படுபவராகவும் இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதியின் (சிகிச்சை விஷயங்களில் சட்டப்படி அவர் சார்பில் துணை நிற்பவரின்) விண்ணப்பத்தின் பேரில், ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்ட பிறகு, அதிகபட்சம் 30 நாள் வரை சேர்க்கலாம். அப்படிச் சேர்த்ததை, இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு ஏழு நாட்களுக்குள், பெண்கள் அல்லது சிறார் என்றால் மூன்று நாட்களுக்குள், தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து நோயாளி வாரியத்திடம் முறையிடலாம். இலவச சட்ட உதவியும் பெறலாம். சொத்துத் தகராறுக்காகவோ குடும்பச் சண்டைக்காகவோ ஒருவரை மனநோயாளி ஆக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை கட்டுப்பாடுகள்.

சங்கிலியில் கட்டுவார்களா? கரண்ட் ஷாக் கொடுப்பார்களா?

எந்த வகையில் சங்கிலியால் பிணைத்தாலும் அது சட்டப்படி குற்றம். கட்டாயமாக மொட்டை அடிப்பதும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் நோயாளியைக் கட்டுப்படுத்தி வைக்கலாம். மின் அதிர்வு சிகிச்சையைப் பொறுத்தவரை, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைத் தருவது தடைசெய்யப்பட்டுள்ளது. சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுத்துக் கிடக்கும் கடும் மனச்சோர்வு நோயாளிக்கு அது உயிர் காக்கும் சிகிச்சையாக இருக்கிறது. திரைப்படங்களில் காட்டப்படும் துடிப்பும் அலறலும் இன்றைய சிகிச்சை அறையில் இல்லை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப்போவது தவறா?

வழிபாட்டை மருத்துவர்கள் யாரும் தடுப்பதில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போவதும், அங்கே கட்டிவைத்துவிட்டு வருவதுமே தவறு. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் எவரும் குற்றம் செய்தவர் அல்லர், நோயாளிகள். அந்தத் துயரத்துக்குப் பிறகு அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. தொழுகையும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது. நம்பிக்கையோடு வரும் குடும்பத்தை விரட்டாமல், அவர்கள் வரும் இடத்துக்கே மருத்துவத்தைக் கொண்டு போனதுதான் சரியான வழி.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். மருத்துவர் தினமும் வருகிறாரா, அல்லது பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிறாரா? நோயாளியோடு நேரில் பேச உங்களை அனுமதிக்கிறார்களா? மூன்று மாதம் யாரும் பார்க்க வரக் கூடாது, போனில் பேசக் கூடாது என்று நிபந்தனை போடும் இடம், இரவில் வேனில் ஆட்களை அனுப்பித் தூக்கிவரும் இடம், அடித்துத் திருத்துவோம் என்று பெருமையாகச் சொல்லும் இடம் எதுவும் சிகிச்சை மையம் அன்று.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வருமா?

முயன்றவரைத் தண்டிக்க இன்று சட்டம் இடம் தரவில்லை. கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரை ஒரு செயலுக்குக் கட்டாயப்படுத்தும் நோக்கில் முயல்வது மட்டுமே அதில் குற்றமாக உள்ளது. மருத்துவமனையில் காவலர் வந்து விசாரித்து எழுதிக்கொள்வது நடைமுறை. அதற்கு அஞ்சி யாரும் நேரத்தை வீணாக்கக் கூடாது.

உடல் தேறியதும் மனநல மருத்துவரைப் பார்க்காமல் வீட்டுக்கு அழைத்துப்போய்விடாதீர்கள். அடுத்து வரும் வாரங்களில்தான் அவருக்குத் துணை மிகவும் தேவை. பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் எதையும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், மிரட்டுகிறார் என்று தள்ளிவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது.

உடனே யாரிடமாவது பேச வேண்டும். எந்த எண்?

14416. ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் இயங்கும் இந்தச் சேவை இலவசம். இரவும் பகலும் தமிழில் பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். போதைப் பழக்கத்துக்கு 14446 என்ற தேசிய உதவி எண் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108.

பிரசவமான பெண் தூங்காமல், குழந்தையைக் கண்டு பயப்படுகிறார். பத்தியம் சரியில்லாததாலா?

பத்தியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் சில பெண்களுக்குக் கடுமையான மனநோய் திடீரென வரலாம். தூக்கம் அறவே போவதே பெரும்பாலும் முதல் அடையாளம். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். உரிய சிகிச்சையில் இது பெரும்பாலும் நன்றாகக் குணமாகும். சேர்க்க நேர்ந்தால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு உறவை முறித்துக்கொள்ளும் குடும்பங்களைக் காண்பது மனத்தை வருத்துகிறது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

மாத்திரையை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? அது தூக்க மாத்திரைதானே?

மனநோய்க்கான மருந்துகளில் பெரும்பாலானவை தூக்க மாத்திரைகள் அல்ல. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்; நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவற்றில் பல ஆண்டுகள் தேவைப்படலாம். லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் ரத்தத்தில் அதன் அளவையும், குளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் மருத்துவர் சொல்லும் நாட்களில் பரிசோதிக்க வேண்டும்.

நோய் திரும்புவதற்கு நான் பார்த்தவரையில் முதன்மையான காரணம், நன்றாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவது. அடுத்தது, மாத்திரை தீர்ந்த அன்று பேருந்துக்குக் காசு இல்லாமலோ, கூட வர ஆள் இல்லாமலோ போவது. தொலைவிலிருந்து வருபவர்கள், மருந்தை அருகிலுள்ள வட்ட மருத்துவமனை முகாமில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலர் கேட்காததாலேயே மாதாமாதம் அலைகிறார்கள்.

எங்கள் தெருவில் மனநோயாளி ஒருவர் சுற்றித் திரிகிறார். என்ன செய்யலாம்?

உங்கள் பகுதி காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. எக்காரணம் கொண்டும் அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இப்படி வருபவர்களுக்கென அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் சில மாவட்டங்களில் இயங்குகின்றன. அங்கே பெயரும் ஊரும் நினைவு வந்து, ஆண்டுக்கணக்கில் தேடிய குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் உண்டு.

ஒருமுறை சிகிச்சை எடுத்தும் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். இனி என்ன பயன்?

மறுபடி குடிப்பது இந்த நோயில் அடிக்கடி நடப்பதே. சர்க்கரை நோயாளிக்கு மீண்டும் சர்க்கரை ஏறினால் அவரை யாரும் கைவிடுவதில்லை. அதே பொறுமை இங்கும் வேண்டும். முதல் முறை எதனால் தவறியது என்று பாருங்கள்: சம்பள நாளா, துக்க வீடா, பழைய நண்பர்களா, தூக்கமின்மையா, சிகிச்சை பெறாத மனச்சோர்வா. அதை மருத்துவரிடம் சொன்னால் அடுத்த சிகிச்சையை அதற்கேற்ப அமைப்பார். எத்தனையாவது முறை வந்தாலும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. பழைய சிகிச்சை நோட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. புதுச் சீட்டுப் போட்டு வாருங்கள். முடிந்தால் குடித்த அன்றைக்கே, கைநடுக்கம் தொடங்குமுன் வாருங்கள். கூட வரும் மனைவியோ தாயோ தங்களுக்கும் ஆலோசனை வேண்டும் என்றால் அதே பிரிவில் தனியாக நேரம் கேட்கலாம்.